சரக்கு குறைந்த நாள்

“சிட்டு, சர்க்கரை எவ்வளவு காட்டுது?” என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டதுதான் தாமதம், கூடத்து ஜன்னல் படாரென்று மூடியது.

“வாயை அடக்கவே மாட்டியா? எதிர்வீட்டுக்காரி காதைக் கழட்டி நம்ம ஜன்னல்லதான் மாட்டி வெச்சிருக்கா!” என்றாள் நாத்தனார், அப்பாவின் அக்கா.

“அவங்க இந்நேரம் பல்லு விளக்கிட்டிருப்பாங்க அண்ணி.”

“பல்லு விளக்கினா காது கேக்காதா? பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒரு வரன் வந்தா நீயா பதில் சொல்லுவ?”

வரன் வரவேண்டிய பொம்பளப் புள்ளைக்கு ஒன்பது வயது. பாதிப் பல் இன்னும் முளைக்கவே இல்லை. போன வருடம் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி.

அப்பாவுக்கும் சர்க்கரைதான். ஆனால் அது ஆண் சர்க்கரை. பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி, “எனக்கு சுகருப்பா, டீயில சீனி போடாதே!” என்று தெருமுனை வரைக்கும் விளம்பரம் செய்வார். மகளுடையது பெண் சர்க்கரை. அதற்கு முக்காடு வேண்டும்.

முக்காடு தைத்தவள் நாத்தனார். கடையில் விலை சொல்வதும் வீட்டில் தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். சர்க்கரை என்ற பேச்சே கூடாது, ‘சரக்கு’ என்று சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டாள். சரக்கு ஏறிடுச்சு, சரக்கு கொறைஞ்சிடுச்சு. பாத்திரக்கடைக்காரர் வீட்டில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இந்த வருடம் புதுப் பள்ளியில் சேர்த்தபோதும், “நோய் நொடி ஒண்ணும் கிடையாது” என்று, ஓட்டையில்லாத குடத்தைத் தட்டிக் காட்டுவதுபோல் சிட்டுவின் முதுகைத் தட்டிக் காட்டினாள். மதிய ஊசியைச் சிட்டு பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குத்திக்கொள்வாள். அந்த நேரத்துக்கு அம்மாவுக்கு வீட்டில் சோறு இறங்காது.

அன்று காலையே பள்ளியிலிருந்து போன் வந்தது.

“உங்க பொண்ணு குடிச்சிருக்கா போல. உடனே வாங்க.”

அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே நாத்தனாரும். மாடிப்படிக்குப் பக்கத்து அறையில், பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸின் கட்டிலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள் சிட்டு. வகுப்பு டீச்சர் மூலையில் முகம் வெளிறி நின்றாள்.

“ஆடிக்கிட்டே வந்து, நாக்குக் குழற ‘சரக்கு கொறைஞ்சிடுச்சு டீச்சர்’னா. நான் என்னம்மா நினைக்கறது? ஹெட்மிஸ்ஸைப் போய்ப் பாருன்னு அனுப்பிட்டேன்.”

“தனியா அனுப்பியிருக்காங்க. படியில விழுந்து கிடந்தா. உடம்பெல்லாம் வேர்வை. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தேன், சர்க்கரை தரையைத் தொடுது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா...” என்றாள் நர்ஸ்.

அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “பையில மிட்டாய் இருந்துச்சே, தின்னிருக்கலாமேடி?”

“கிளாஸ்ல திங்கக் கூடாதும்மா. அதான் கேட்டேன். அத்தை சொன்ன மாதிரியேதான் கேட்டேன்.”

நாத்தனார் ஜன்னலைத் தேடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஆசிரியர்களுக்கெல்லாம் பயிற்சி வைத்தாள் நர்ஸ். சிட்டு எப்போது வேண்டுமானாலும் வகுப்பில் தின்னலாம். மயக்கம் என்றால் தனியாக அனுப்பக் கூடாது. ஊசி இனிமேல் நர்ஸ் அறையில். அம்மாவையும் மகளையும் அழைத்திருந்தாள். அழைக்காமலேயே நாத்தனாரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வந்ததும் பேரம்.

“இத்தனை டீச்சருக்கும் எதுக்கும்மா சொல்லணும்? ஒரு ரெண்டு பேருக்குச் சொல்லி முடிச்சுக்கலாமே.”

“சரிங்க. எந்த டீச்சர் கிளாஸ்ல சிட்டு மயங்கி விழணும்னு நீங்களே சொல்லுங்க, அவங்களை விட்டுடறேன்” என்றாள் நர்ஸ்.

ஆசிரியர்கள் சிரிப்பை மென்று விழுங்கினார்கள். நாத்தனார் அம்மா பக்கம் திரும்பினாள். “நீயாவது சொல்லேன்டி!”

அம்மா எழுந்தாள்.

“என் பொண்ணுக்கு சர்க்கரை நோய்ங்க. எல்லாருக்கும் சொல்லுங்க. அவ கூடப் படிக்கற பசங்களுக்கும் சொல்லுங்க.”

“அடிப்பாவி! நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இங்க வந்து விசாரிச்சா?”

“வரட்டும் அண்ணி. நர்ஸம்மா, அந்த மாப்பிள்ளையை இதே பெஞ்சுல உக்கார வெச்சு, ஊசி போடக் கத்துக் குடுங்க. பாஸாயிட்டுப் பொண்ணு பார்க்க வரட்டும்.”

“ஃபெயில் ஆயிட்டா?” என்றாள் சிட்டு.

“வேற மாப்பிள்ளை பரீட்சை எழுதட்டும்” என்றாள் அம்மா.