கத்திரிக்கோல் கேட்ட அம்மா

இறந்தவரைக் கழுவும் வழக்கப்படி, ஒயினில் நனைத்த துணியால் அப்பாவின் கால்விரல் இடுக்குகளை ரினியோ துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கத்திரிக்கோல் கேட்டாள்.

“எதுக்கு அண்ணி?” அப்பாவின் கறுப்புக் கோட்டைத் தட்டிக்கொண்டிருந்த ஃப்ரோசோ அத்தை நிமிர்ந்தாள். அவள் அப்பாவின் ஒரே தங்கை.

“ரிப்பனை வெட்ட.”

கட்டிலுக்கு மேலே சாமி படங்களுக்கு நடுவில் இருந்த கண்ணாடிப் பெட்டியை மூவரும் பார்த்தார்கள். உள்ளே மெழுகுப் பூ வைத்த இரண்டு கல்யாணக் கிரீடங்கள். நாற்பத்தொன்பது வருஷத்துக்கு முன் பாதிரியார் அம்மா, அப்பா இருவர் தலையிலும் வைத்தவை. இரண்டையும் இணைப்பது ஒரே வெள்ளை ரிப்பன். முதலில் போகிறவரோடு இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுவதுதான் காசோஸ் தீவில் வழக்கம். ரிப்பனை வெட்டித் தன்னுடையதை வைத்துக்கொள்கிற விதவைக்கு மறுமண ஆசை என்று ஊர் பேசும். அம்மாவுக்கு வயது எழுபத்து மூன்று.

“எங்க அண்ணனை இன்னும் சவப்பெட்டியிலேயே வைக்கல. அதுக்குள்ள மாப்பிள்ளை தேடறீங்களா?”

“நீயே ஒருத்தனைப் பாரு ஃப்ரோசோ. பல்லு இருக்கணும், அவ்வளவுதான்.”

அத்தை மூன்று முறை சிலுவைக்குறி போட்டுக்கொண்டு காப்பி போடப் போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரங்கள் வேண்டுமென்றே சத்தம் போட்டன.

ரினியோவுக்குக் கோபம் வந்தது. எட்டு மாதமாக, தான் வசிக்கும் பிரேயஸ் துறைமுகத்துக்கும் இந்தத் தீவுக்கும் கப்பலில் அலைந்து, அப்பாவைத் தூக்கி, திருப்பி, ஊட்டி, கழுவியவள் அவள். இன்று விடிந்ததும் அவர் மூச்சு நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் இது வேறு.

“அம்மா, அப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். ‘ரெண்டையும் என்கூட வெச்சிரு, பிரிக்காதே’ன்னு போன வாரம் கையைப் பிடிச்சுக் கேட்டார்.”

“கேட்பார். முடிச்சுப் போட்டது அவர்தானே.”

“என்ன முடிச்சு?”

“இறக்கிப் பாரு.”

ரினியோ நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். கண்ணாடி மூடியை அவள் திறந்தது அதுதான் முதல் தடவை. ரிப்பனின் நடுவில், பூவுக்குப் பின்னால் மறைந்து, சின்னதாக ஒரு முடிச்சு இருந்தது. கப்பலில் கயிறு கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு. அப்பா முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர்.

“அவர் கப்பல் மூழ்கினது உனக்குத் தெரியும்,” என்றாள் அம்மா.

தெரியாமல் என்ன. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அப்பா சொல்லும் கதை. ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை என்று தந்தி வந்தது, மீன்பிடிப் படகு ஒன்று அவரைக் காப்பாற்றியது, பதினோராம் நாள் கொட்டுகிற மழையில் வாசலில் வந்து நின்றது. ரிப்பனைப் பற்றி மட்டும் அவர் சொன்னதே இல்லை.

“உடம்பு கிடைக்கல. அவர் கிரீடத்தையாவது கடல்ல விடலாம்னு அந்தப் பதினோராம் நாள் மத்தியானம் நான் வெட்டினேன். எல்லாரும் சேர்த்தே விடுன்னாங்க. எனக்கு மனசு வரல, இருபத்தஞ்சு வயசு, பயம். எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு வெட்டிட்டேன். சாயந்திரம் வந்துட்டார். சொட்டச் சொட்ட நின்னாரு. மேசையில வெட்டிக் கிடந்ததைப் பார்த்தாரு. தலையைக்கூடத் துவட்டாம உட்கார்ந்து முடிச்சுப் போட்டாரு.”

ரினியோ அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அம்மா. அப்பா வரமாட்டார்.”

“தெரியும்டி. உன்னோட சேர்ந்து நானும்தானே குளிப்பாட்டினேன்? நான் என்ன பைத்தியமா?” அம்மா தன் கறுப்புப் பாவாடையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள். “ஆனா ஒரு தடவை நடந்துச்சே. வெட்டிப் பார்க்காம எப்படி விடறது?”

வெளியே மாதா கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது. ரினியோ கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தையல் டப்பாவிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா முடிச்சைத் தொடாமல் பக்கத்தில் வெட்டினாள். முடிச்சு அப்பாவின் கிரீடத்தோடு போயிற்று.

சவப்பெட்டிக்குள் ஒற்றைக் கிரீடத்தைப் பார்த்த ஊர்ப் பெண்கள் ஒருவர் விலாவை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். “வெட்டினது நான்தான்” என்று ரினியோ சத்தமாகச் சொன்னாள். அத்தை வாயைத் திறந்து, என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் மீன் சூப் குடித்தார்கள், பிராந்தி குடித்தார்கள், “கடவுள் அவரை மன்னிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடல் பக்கமிருந்து காற்று எழுந்து வாசல் கதவு அடித்துக்கொண்டது.

“அந்தக் கதவைச் சாத்தேன் ரினியோ, விளக்கு அணைஞ்சிடும்,” என்றாள் அத்தை, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

ரினியோ போனாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் துவைத்து மடித்த துண்டு ஒன்று இருந்தது. மழைக்கான அறிகுறியே இல்லாத வானம். உள்ளே அம்மா கைகளை மடியில் வைத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலியைத் துண்டோடு இழுத்து, கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்தாள் ரினியோ. பிறகு அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த சூப்பைச் சின்னத் தீயில் வைத்தாள்.