ஓடாத வண்டிக்கு ஒரு பூட்டு

பல்லடம் ரோட்டில் கார் வழியில் நின்றுவிட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ஹாரன் அடித்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். அனுப்பிரியா ஹாரன் சத்தத்துக்கு நடுவே மறுபடி மறுபடி கிளட்சை மிதித்துப் பார்த்தாள். தரையோடு போன கிளட்ச் மேலே எழும்பி வரவே இல்லை. கியரும் விழவில்லை.

அவளும் கணவன் தமிழ்செல்வனும் குழந்தைகளுக்கான பனியன் துணி தைக்கும் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறார்கள். தையலும் ஆட்களும் அவன் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பதும் சாம்பிள் கொண்டுபோய்க் காட்டுவதும் அவள் பொறுப்பு. அன்றைக்கும் பின்சீட் நிறைய சாம்பிள் பெட்டிகளோடு, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் பையிங் ஆபீசுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்கள் வந்து காரை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார்கள். அனுப்பிரியா பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். உள்ளே எது என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வாய் பிளந்து நிற்கும் காரைப் பார்த்தால் யாருக்கும் விஷயம் புரியும் என்று நினைத்தாள். வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் முனீசுக்குப் போன் செய்தாள். அவன் வருவதற்குள் பெட்டிகளை ஒரு ஆட்டோவில் ஏற்றிப் பையிங் ஆபீசில் இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

வந்து பார்த்தால் முன்சக்கரத்தில் ஒரு மஞ்சள் இரும்புப் பூட்டு. கண்ணாடியில் 'நோ பார்க்கிங்' என்று ஸ்டிக்கர். பானெட் அவள் விட்டுப்போனபடியே திறந்து கிடந்தது.

முனீஸ் பைக்கில் வந்து இறங்கியதும் தலையில் கைவைத்துக்கொண்டான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பத்து வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை.

"என்னக்கா இது, ஓடாத வண்டியப் பூட்டிட்டுப் போயிருக்காவ. கயிறு கட்டி இழுக்கணும்னாலும் சக்கரம் சுத்தணும்லா?"

ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்கு அவள் விடாமல் அடித்தாள். வெயில் உச்சிக்கு வந்த பிறகு ஜீப் வந்தது. இறங்கியவர் போக்குவரத்துப் பிரிவின் சிறப்பு எஸ்.ஐ. கருப்புசாமி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அனுப்பிரியா நடந்ததை வரிசையாகச் சொன்னாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றீங்க. கண்ட எடத்துல வண்டிய விட்டுட்டுக் கடைக்குப் போறது. பூட்டுனா பிரேக்டவுன்னு பொய் சொல்றது."

"பொய்யில்லீங்க சார். பானெட்டப் பாருங்க."

"பானெட்டத் தூக்க எவ்வளவு நேரமாகும்? ஜீப்பப் பாத்ததும் தூக்கியிருப்பீங்க."

அதுவரை அவளுக்கு இருந்தது வெறும் எரிச்சல்தான். அந்தப் பதிலைக் கேட்டதும் காது மடல் சூடானது. நீங்களே ஏறி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று முனீஸ் சொன்னதற்கு, அது என் வேலை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அபராதத்தைக் கட்டினால் பூட்டு இப்போதே கழன்றுவிடும், கட்டாவிட்டால் கேஸ் கோர்ட்டுக்குப் போகும் என்றார். கோர்ட்டுக்கே போகட்டும் என்றாள் அனுப்பிரியா. அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையிலிருந்த அபராத மெஷினில் கேஸைப் பதிந்துவிட்டு, பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று தொடங்கியது அலைச்சல்.

கட்டிட்டுப் போ என்று முதலில் சொன்னவன் தமிழ்செல்வன். அடுத்து அவன் அம்மா. அப்புறம் யூனிட்டின் அக்கவுண்டண்ட். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வரை. வேண்டுமானால் தெரிந்த கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றும் தமிழ்செல்வன் ஒரு வழி சொன்னான்.

"தப்புப் பண்ணியிருந்தா கவுன்சிலர்கிட்டப் போலாமுங்க. பண்ணாததுக்கு எதுக்குப் போயி அவுங்க காலப் புடிக்கோணும்?" என்றாள்.

"காலையெல்லாம் ஆரும் புடிக்கச் சொல்லல அனு. இந்தச் சின்ன விசியத்துக்கு நேரத்தப் போக்குறியேன்னுதான்."

சின்ன விஷயம்தான். அது அவளுக்கும் தெரியும். நடுரோட்டில், முனீசும் பேக்கரிக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வயசில் மூத்த ஒருவர் தன்னைப் பொய்க்காரி என்று சொன்னது சின்ன விஷயமா என்று கேட்டாள்.  ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, தமிழ்செல்வன் அந்தப் பக்கம் போய்விட்டான்.

அவள் முதலில் இணையத்தில் ஆட்சேபம் பதியப் பார்த்தாள். எல்லாவற்றையும் நிரப்பி முடித்தால் ஓ.டி.பி. வராது. வந்தால், நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் முதலுக்கே போய்விடும். சலித்துப்போய் ஸ்டேஷனுக்கு நேரில் போனாள். இன்ஸ்பெக்டர் நல்லவிதமாகவே பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, கேஸ் ஏறிவிட்டது, இனி என் கையில் எதுவும் இல்லை, கோர்ட்டில் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

கோர்ட்டில் அவள் போன முதல் நாள் நீதிபதி விடுப்பு. அடுத்த தேதியில் ஃபைல் வரவில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, வரவேண்டிய இடத்திலிருந்து வரவில்லை என்று பதில் கிடைத்தது. இன்னொரு தேதியில் எல்லாமே வந்திருந்தன. ஹெல்மெட் போடாதவர்கள், சிக்னலைத் தாண்டியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் வரிசையாகப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பணத்தைக் கட்டிவிட்டு, வந்த வேகத்தில் வெளியே போய்க்கொண்டிருந்தது. அனுப்பிரியாவின் முறை வந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். அந்த அம்மா தலை நிமிரவே இல்லை. பேனா கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

"இல்லீங்க அம்மா. ஒத்துக்கல."

பேனா நின்றது. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த கிளார்க், கட்டிவிட்டால் இத்தோடு முடிந்துவிடும் என்று அவளிடம் மெல்லச் சொன்னார். இத்தனை நாளாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு. அவள் மறுபடியும் இல்லை என்றாள். அப்படியானால் கேஸ் போட்ட அதிகாரி வரவேண்டும் என்று நீதிபதி தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் அதிகாரி வரவில்லை. பந்தோபஸ்து என்றார்கள். முனீஸ் கடையைப் பூட்டிவிட்டுச் சாட்சி சொல்ல வந்து, கோர்ட் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுந்து போனதுதான் மிச்சம். அன்று வீடு திரும்பும்போது, நாளைக்கே பணத்தைக் கட்டிவிடலாமா என்று அவளுக்கே ஒருமுறை தோன்றியது. வீட்டு வாசலில் நுழைந்ததும் தமிழ்செல்வன், "நாஞ் சொன்னனில்ல" என்று ஆரம்பித்தான். கட்டும் எண்ணம் அந்த நிமிஷமே போய்விட்டது.

கருப்புசாமி ஒருவழியாக வந்தார். முந்தின இரவு ஏதோ ஊர்வலப் பாதுகாப்பில் நின்றிருப்பார் போலிருக்கிறது. கண் சிவந்திருந்தது, சட்டை கசங்கியிருந்தது. கூண்டில் ஏறி, வாகனம் தடை செய்யப்பட்ட இடத்தில் நின்றது, ஓட்டுநர் இல்லை, படம் எடுத்துப் பூட்டுப் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். படத்தை நீதிபதி பார்த்தார். காரின் பின்பக்கமும் நம்பர் பிளேட்டும்தான் அதில் தெரிந்தன. ஏதாவது கேட்க வேண்டுமா என்று அனுப்பிரியாவைப் பார்த்தார்.

அவள் எத்தனையோ கேள்விகள் யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோய் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"பூட்டுனது நீங்கதானுங்களே. முன்சக்கரத்துக்கிட்டக் குனிஞ்சப்ப பானெட் தெறந்திருந்துச்சுங்களா, மூடியிருந்துச்சுங்களா?"

 கருப்புசாமி கூண்டின் கட்டையைத் தடவினார். படத்தில் முன்பக்கம் இல்லை. மூடியிருந்தது என்று அவர் சொன்னால் மறுப்பதற்கு அவளிடம் எதுவும் கிடையாது. முனீஸ் வந்ததே பூட்டுப் போட்ட பிறகுதான். இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 

"தெறந்துதாம்மா இருந்துச்சு" என்றார், நீதிபதியைப் பார்த்து.

பிறகு அதிகம் பேச்சில்லை. பழுதான வண்டி என்று தெரிந்தும் எதற்குப் பூட்டினீர்கள் என்று நீதிபதி கேட்டார்.  கேஸ் தள்ளுபடி ஆனது. "அப்பறம் ஏனுங்க என்னையப் பொய் சொல்றேன்னு சொன்னீங்க?" என்று அனுப்பிரியா கருப்புசாமியைக் கேட்டாள். அது இங்கே கேள்வி இல்லை என்று நீதிபதி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவளுக்கு அது ஒன்றுதான் கேள்வியாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் கருப்புசாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அவள் கீழே நின்றாள். அவரே பேசினார்.

"அன்னைக்கு அந்த ரோட்டுல உங்களுக்கு முன்னாடி நாலஞ்சு பேரு பிரேக்டவுன்னுதான் சொன்னாங்க. பானெட்டையும் தூக்கி வச்சிருந்தாங்க. பூட்டக் கழட்டுனதும் எல்லாரும் ஜம்முனு ஓட்டிட்டுப் போனாங்க. அந்தக் கடுப்புல இருந்தேன்."

"அவிய சொன்ன பொய்யி என்ற தலைல விடிஞ்சுதாக்கும்."

"ஆமா." கடைசிப் படியையும் இறங்கினார். "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை. அவளும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஆனால் தெறந்துதான் இருந்துச்சு என்று உள்ளே சொன்னாரே, அது பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. சாட்சி சொல்ல அன்றும் வந்திருந்த முனீஸ் எல்லோருக்குமாக டீ சொல்லப் போனான். டூட்டி இருக்கிறது என்று கருப்புசாமி கிளம்பிவிட்டார்.

கேஸ் முடிந்த பிறகும் கம்ப்யூட்டரில் வெகுநாள் அபராதம் நிலுவை என்றே காட்டிக்கொண்டிருந்தது. தீர்ப்பு நகலைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கிய பிறகுதான் அது அழிந்தது.

அதற்குப் பிறகு குன்னத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். பந்தியில் தமிழ்செல்வன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பணத்தைக் கட்டிவிட்டுப் போ என்று ஊரே சொன்னதாம். நாங்க விடலீங்களே, கோர்ட்டுல நிக்க வச்சுக் கேட்டமில்ல என்றான். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அனுப்பிரியா ரசஞ்சோறு பிசைவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, நீங்க ஒரு நா அந்தக் கோர்ட்டுப் படி ஏறுனீங்களா?"

பந்தி சிரித்தது. தமிழ்செல்வனும் சேர்ந்து சிரித்தான், இலையைப் பார்த்துக்கொண்டே.

திரும்பி வரும்போது காரை அவள்தான் ஓட்டினாள்.  ஊர் தாண்டியதும் அவன் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அங்க என்னதான் நடந்துச்சு, மொதல்லருந்து சொல்லு என்றான். இத்தனை நாளில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. அவள் கிளட்ச் போனதிலிருந்து ஆரம்பித்தாள். ஃபைல் வராமல் போன தேதிக்குக் கதை வந்தபோது, "இதுக்குத்தான் அன்னைக்கே கட்டியிருந்தா..." என்று அவன் வாயெடுத்தான். அனுப்பிரியா பேச்சை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

"சரி, சரி. நீ சொல்லு" என்றான் அவன்.