எம்மெட்டின் பாட்டும் அலுமினியக் குப்பியும்

கொலம்பியா ஆற்றங்கரையில் அந்தப் போர்க்காலக் கோடையில் புழுதிக்குப் பஞ்சமே இல்லை. டெல்ஃபியா ரஸ்க் வேலை பார்த்த சோதனைக்கூடத்தில் கதவிடுக்கெல்லாம் ஈரத்துணி திணித்திருந்தார்கள். கனத்த உலோகத் துண்டுகளை அலுமினியக் குப்பிக்குள் இறுக மூடவேண்டும். அதற்கொரு முறையைக் குளிர்காலம் முழுக்கக் கண்விழித்துக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஆற்றுத் தண்ணீர் ஓடும் குழாய்களுக்குள் அவை போகும் என்பதுவரை சொல்லியிருந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஊசிமுனைத் துளை விழுந்தாலும் மொத்த வேலையும் நின்றுபோகும்.

குப்பியை உருகிய உலோகத் தொட்டியில் வைத்துத் துண்டை இறக்குபவர் எம்மெட் தார்சன். மினசோட்டாவில் ரொட்டி சுட்டவர். புகையில் கடிகாரம் தெரியாது, இரைச்சலில் மணி கேட்காது. அதனால் ஒரு துதிப்பாட்டின் முதல் சரணத்தைப் பாடி முடித்ததும் தூக்கிவிடுவார். தாமதித்தால் தொட்டி குப்பியின் சுவரையே தின்றுவிடும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூடிய குப்பியில் துளை இருந்தால் காட்டிக்கொடுக்கும் டெல்ஃபியாவின் நீராவிப் பெட்டியில் திடீரென்று குப்பிகள் வரிசையாகக் கொப்புளம் கொப்புளமாக வீங்கின.

"திங்கக்கிழமை காலைல நல்லதா வரலேன்னா உன் முறையத் தூக்கிப் போட்டுருவாங்கம்மா," என்றார் மேலாளர் பிரூயிட்.

கலவை, சூடு, கழுவும் அமிலம் எல்லாம் பார்த்தாள். எதிலும் குறையில்லை.

"கை நடுங்குதா எம்மெட்?"

"இந்தக் கையா? மாவு உருட்டினா தராசே வெக்கப்படும். உன் பெட்டியப் பாரு பொண்ணே!"

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் முகாமின் தேவாலயத்தில் எம்மெட்டின் அதே பாட்டு. பாடகர் குழுவை நடத்தும் திருமதி குவிம்பி கையை ஆட்டினார். "இழுத்துப் பாடுங்க தார்சன்! ஆண்டவருக்கு ஒண்ணும் அவசரமில்ல."

டெல்ஃபியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே அவரைப் பிடித்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி இழுக்கறீங்க?"

"குழுவுல சேந்ததுலேர்ந்து. திட்டு வாங்கி வாங்கி இப்பத்தான் நல்லா வருது!"

"தொட்டிகிட்டயும் இப்படித்தானா?"

எம்மெட் தொப்பியை எடுத்துத் தொடையில் அடித்தார். "அந்தம்மா என்னைக் கெடுத்துட்டாளே!"

மதியமே தொட்டியைச் சூடேற்றினார்கள். ஊர்க் களஞ்சியத்தில் கூடி ஆடும் துள்ளாட்டம்போலக் காலைத் தட்டிப் பழைய வேகத்தில் பாடினார். தடுமாறும்போதெல்லாம் டெல்ஃபியாவும் கூடவே பாடினாள்.

திங்கள் காலை நீராவிப் பெட்டியைத் திறந்தபோது பிரூயிட் குனிந்து பார்த்தார். குப்பிகளைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஒரு கொப்புளம்கூட இல்லியே!"

"நம்ம முறை அய்யா அது," என்றாள் டெல்ஃபியா. பாட்டு இழுபட்ட கதையையும் சொன்னாள்.

"மத்த தொட்டிகளுக்கும் சொல்லணுமே. எவ்வளவு நேரம்னு சொல்றது?"

"ஆளுங்கள இங்க அனுப்புங்க. எம்மெட் பாடிக் காட்டுவார்."

அந்த வாரம் புழுதிக்காற்றில் முக்காடு போட்டுக்கொண்டு அவள் நடந்தபோது ஒவ்வொரு தொட்டிக் கொட்டகையிலிருந்தும் அந்தப் பாட்டு வந்தது. தேவாலயப் படி மிதிக்காதவர்கள்கூட ஒரே வேகத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் மண் விழுந்தாலும் டெல்ஃபியா தலை குனியவில்லை.