மேசைமேல் இருந்த போன்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் அந்த உணவங்காடி நிலையத்தில் ஞாயிறு மதியம் மேசை துடைக்கிறவர்கள் நிமிர முடியாது. ரத்தினம்மா ஒரு கையால் மீன் முள்ளை வழித்துத் தள்ளுவண்டியில் போட்டாள். மறு கையால் ஈரத்துணியை இழுத்தாள். இன்னொரு கை இருந்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வரிசை துடைக்கும் சீனக் கிழவியிடம் மலாய் மொழியில் சொன்னாள். இன்னொரு கை இருந்தால் சூப்பர்வைசர் இன்னொரு வரிசையையும் கொடுத்துவிடுவான் என்றாள் கிழவி.

பாதி மேசைகளில் ஆளே இல்லை, ஆனால் இடமும் இல்லை. டிஷ்யூ பாக்கெட், குடை, அலுவலக அட்டை என்று ஏதாவது ஒன்று உட்கார்ந்திருந்தது. சாமானை வைத்து இடம் பிடிப்பதற்கு இங்கே ‘சோப்’ என்று பெயர். வரிசையில் நின்று சாப்பாடு வாங்கித் திரும்பினால் சாமானும் இருக்கும், இடமும் இருக்கும். ஊர்க்காரர்களுக்கு இதில் பெருமை உண்டு. ரத்தினம்மாவுக்கும்தான். மதுரைக்குப் போனபோது ஓட்டலில் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போய், கூட வந்தவர்களிடம் திட்டு வாங்கியவள் அவள்.

சரத்துக்கு இது தெரியாது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, காண்டோ எனப்படும் வசதியான அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். இன்னும் முதல் சம்பளம் வாங்கவில்லை. தோசைத் தட்டோடு இடம் தேடி வந்தவன், தூணோரத்து மேசையில் ஒரு ஐபோன் தனியாகக் கிடப்பதைப் பார்த்தான். உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தூணில் தமிழிலும் ஒட்டியிருந்தது. தட்டை வைத்துவிட்டு அந்தப் போனுக்குக் காவல் நின்றான். தோசை ஆறியது. யாரும் வரவில்லை. கடைசியில் போனை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரத்தினம்மாவிடம் வந்தான்.

“அக்கா, இதை யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க.”

அவள் வாய் திறப்பதற்குள் ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கையில் பிரியாணித் தட்டு ஆடியது.

“ஹலோ, அது என் போன். எங்க எடுத்துட்டுப் போறீங்க?”

அந்தப் பெண்ணின் பெயர் நிரஞ்சனா என்பது பிறகு போலீசிடம் சொன்னபோதுதான் தெரிந்தது. சரத் பயந்துபோய்க் கையை உருவப் பார்த்தான். அவள் விடவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஸ்பூனை வைத்துவிட்டுத் தன் போனை உயர்த்திப் படம் பிடித்தார்.

யாரோ கூப்பிட்டு வந்த போலீஸ்காரர்கள் இருவரும் நிதானமாக விசாரித்தார்கள். ரத்தினம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். உனக்கெதற்கு வம்பு என்று சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கை காட்டினான். கண்புரை முற்றியவள்போல அவனைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். நிலையத்தின் கண்காணிப்புக் கேமராவும் அவள் சொன்னதையே காட்டியது. நிரஞ்சனா கூனிக் குறுகிப்போய், புகார் எதுவும் இல்லை, தப்பு தன்னுடையது என்றாள். சரத்திடம் மன்னிப்பும் கேட்டாள். பரவாயில்லை மேடம் என்று அவன் சிரித்தான்.

ரத்தினம்மா அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். இந்த ஊரில் கிடக்கிற எதையும் தொடாதே, குப்பையைக்கூடச் சம்பளம் கொடுத்தால்தான் தொடவேண்டும் என்று சொல்லி, தன் நம்பரையும் கொடுத்தாள்.

படம் பிடித்தவர் போலீஸ் வருவதற்கு முன்பே சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்.

அன்று மாலை ரத்தினம்மாவின் பிடோக் வீட்டில் மருமகள் தாரணி அந்த வீடியோவைக் காட்டினாள். ‘தேக்கா இன்னும் பாதுகாப்பா?’ என்று தலைப்பு. லிட்டில் இந்தியாவை ஊர்க்காரர்கள் தேக்கா என்பார்கள். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததும் இல்லை, அக்கா என்று கூப்பிட்டதும் இல்லை. இழுபறி, அவன் முகம், அவன் சட்டை, அவ்வளவுதான். ஊர் சுற்றிப் பார்க்க அவன் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டது கம்பெனி கொடுத்த புது நீலச்சட்டை. முதுகில் கம்பெனியின் பெயர் பெரிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது என்று கீழே பலர் எழுதியிருந்தார்கள். தாரணி நடந்ததை விளக்கி எழுதினாள். உன் மாமியாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒருவர் கேட்டார். நிரஞ்சனாவும் விளக்கம் எழுதியிருந்தாள். அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

புதன்கிழமை சரத் கூப்பிட்டான். மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார்களாம். போனை உன் மேற்பார்வையாளரிடம் கொடு என்றாள் ரத்தினம்மா. வேலாயுதம் என்று ஒருவர் பேசினார். குரலில் மரியாதை இருந்தது.

“திருடலன்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. பாஸுக்கும் தெரியும்.”

“அப்புறம் எதுக்குய்யா அனுப்புறீங்க?”

“காண்டோக்காரங்க வீடியோவைப் பார்த்துட்டாங்க லா. இவன் அவங்க பால்கனி வரைக்கும் போறவன். அவங்களுக்கு சேஃப்டி முக்கியம்.”

“இவனுக்கு?”

தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார் வேலாயுதம்.

“இருக்கட்டும். கீழ கெடக்கறதை எடுத்துக் குடுக்காம தாண்டிப் போகச் சொல்லி வளருங்க.”

தாரணி எங்கெங்கோ விசாரித்தாள். ஆள் வேண்டாம் என்று சொல்வதற்குக் கம்பெனி காரணம் சொல்லத் தேவையில்லை என்பதுதான் கடைசியில் தெரியவந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரத்தினம்மா அரை நாள் லீவு போட்டு, பிடோக்கிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினாள். கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். புறப்பாட்டுக் கூடத்தில் கறுப்புச் சட்டை போட்ட இரண்டு பேருக்கு நடுவில் சரத் உட்கார்ந்திருந்தான். கம்பெனி கூலிக்கு அமர்த்திய ஆட்கள். பாஸ்போர்ட் அவர்களில் ஒருவன் பையில் இருந்தது. சரத் கழிவறைக்குப் போனான். மற்றவன் பின்னால் போய் வாசலில் நின்றான்.

“எதுக்குத் தம்பி ரெண்டு பேர்? இவன் என்ன பண்ணான்?” என்று ரத்தினம்மா கேட்டாள்.

“அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க ஆன்ட்டி. ஓடிடாம பார்த்துக்கணும், அதான் வேலை.”

திரும்பி வந்த சரத் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிரிக்கவில்லை.

“ஊர்ல என்னன்னு சொல்றது, அக்கா?”

ரத்தினம்மா பொட்டலத்தின் முடிச்சைச் சரிசெய்தாள்.

சுற்றுலா கிளம்பிய குடும்பம் ஒன்று எதிர் இருக்கைகளில் வந்து அமர்ந்தது. பிள்ளைகள் தின்பண்டத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கறுப்புச் சட்டைகளைப் பார்த்தாள், நடுவில் இருந்தவனைப் பார்த்தாள். பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை மெல்ல எடுத்து மடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

சரத் அதைப் பார்த்தான். பொட்டலத்தைக் காலடியில் இறக்கினான். யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து, விரல்களை விரித்து, முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டான்.