இரண்டு விரல் கோணல்

மராக்கேஷில் கலீஃபா கட்டிய பள்ளிவாசலுக்குக் கயிறு பிடித்துத் திசை குறித்தவன் ஹம்மு. அந்தப் பெருமையே இரண்டு வருடமாக அவன் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

ஊரே வாய் பிளந்து பார்த்த கட்டடம் அது. பதினேழு வரிசைத் தூண்கள், லாடம் போல வளைந்த வளைவுகள், கலீஃபா மறைவாக நின்று தொழ தேவதாரு மரத் தட்டி. எல்லாம் ஒன்றுக்கொன்று நூல் பிடித்தாற்போல நேர். தொழும்போது நேர்கொண்டு நிற்க வேண்டிய மக்காவுக்கு மட்டும்தான் கோணல். அது ஹம்மு ஒருவனுக்குத்தான் தெரியும்.

திசை குறிப்பது பெரிய வித்தையில்லை. தரையில் வட்டம் போட்டு நடுவில் குச்சி நட வேண்டும். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு முளை, பிற்பகலில் தொடும் இடத்தில் இன்னொரு முளை. இரண்டுக்கும் கயிறு கட்டினால் கிழக்கு மேற்கு; அதை வைத்து மக்காவின் திசை. அன்று காலை முளை அடித்தாகிவிட்டது. பிற்பகலில் மேகம் மூடிக்கொண்டது. மறுநாள் பார்த்திருக்கலாம். ஆனால் அன்று அவன் மகள் பிறந்த ஏழாம் நாள். வீட்டில் ஆடு அறுத்து, பெயர் வைக்கக் காத்திருந்தார்கள். நிழல் இங்கேதான் விழும் என்று கண்ணாலேயே அளந்து முளையை அடித்துவிட்டுச் சாப்பிடப் போனான் மகராசன்.

பள்ளி திறந்த வாரம், முற்றத்தில் தொழுகை நேரம் பார்க்க நட்டிருந்த கம்பத்தின் நிழலை வைத்துச் சரிபார்த்தான். அன்று கண்ணளவில் அடித்த முளை இரண்டு விரல் பிசகியிருந்தது தெரிந்தது.

வெளியே சொன்னால் தலை தங்காது. சொல்லவில்லை. தெரிந்துகொண்டே கோணலாகத் தொழவும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வரிசையில் நின்றபடியே லேசாக இடப்பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவனுக்கு வலப்பக்கம் எப்போதும் மைமூன் நிற்பார். மக்காவின் திசை காட்டும் தொழுகை மாடமும் அதன் சுவரும் எழுப்பிய கொத்தனார். பதினைந்து வருடப் பழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை செருப்பு மாட்டும் இடத்தில் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், ரெண்டு வருஷமா உன் குதிகால் என் சுண்டுவிரலை மிதிக்குதுடா. ஒண்ணு என் விரலை வெட்டு, இல்ல உன் காலை வெட்டு."

"இல்லண்ணே... இடுப்புல ஒரு பிடிப்பு."

"அதை வாயத் திறந்து சொல்றதுக்கென்ன, கழுதை!"

அடுத்த வெள்ளி ஒரு குப்பி ஆர்கான் எண்ணெயோடு வந்தார். "எங்க அக்கா கையால எடுத்தது. சூடு பண்ணித் தேய். ஏழு நாளா அந்த மாடத்துக்கு நேரா உக்காந்து உன் இடுப்புக்குத்தான் துஆ கேக்கறேன்."

ஹம்முவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவரைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் இழுத்துப்போய், மேகம், ஆடு, முளை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மைமூன் கத்துவார், காஜியின் நீதிமன்றத்துக்கு இழுத்துப்போவார் என்றுதான் நினைத்தான்.

"ரெண்டு விரல்தானே," என்றார் மைமூன். "படைச்சவன் மன்னிச்சுட்டுப் போவான்."

"அண்ணே..."

"ஆனா தெரிஞ்சதும் நீ மட்டும் சரியாத் திரும்பிக்கிட்ட. தோளோட தோள் ஒட்டி நிக்கிறவன்கிட்ட, 'அண்ணே, நீயும் கொஞ்சம் திரும்பிக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல பாரு."

குப்பியை அவன் கையிலேயே விட்டுவிட்டு நடந்தார்.

மறு வெள்ளி ஹம்முவுக்கு வலப்பக்கம் வேறு யாரோ நின்றார்கள். மைமூன் மூன்று வரிசை முன்னால் இருந்தார். எல்லாம் தெரிந்தும், ஊரோடு ஊராக மாடத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு விரல்கூடத் திரும்பவில்லை.