கட்டை விரல்

ஆஸ்தீஸுக்கு உலகத்திலேயே ஆகாத ஒன்று கட்டை விரல். எங்கள் தீவின் சில்ஃப்ரா நீர்ப்பிளவில் முக்குளிக்க வரும் ஒவ்வொரு கும்பலிடமும் முதலில் அதைத்தான் ஓதுவாள்.

"தண்ணிக்குள்ள கட்டை விரலத் தூக்குனா 'சூப்பர்'னு அர்த்தமில்ல. 'போதும், மேல போலாம்'னு அர்த்தம். எவனாச்சும் சும்மா தூக்குனீங்க, வேன்ல கொண்டுபோய் உக்கார வச்சிருவேன்."

பத்து வருஷமாக அவளோடு முக்குளிப்பு வழிகாட்டியாக வேலை பார்க்கும் ஸ்டுர்லாவுக்கு இது மனப்பாடம். அவள் 'ஆமாம்' சொல்லும் விதமும்தான். எங்கள் பெண்கள் 'யௌ' என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள், வாயசையக்கூட வேண்டாம். தன்னுடைய ஒரே ஒரு கேள்விக்கு அந்தச் சத்தம் வராதா என்று பாவம், மனுஷன் இரண்டு வருஷமாக ஏங்கிக் கிடந்தான்.

வாயைத் திறந்தால் சொதப்பிவிடுவான் என்று அவனுக்கே தெரியும். அதனால் தண்ணீருக்குள் எழுதிக் காட்டும் பலகையில் கேள்வியைக் கரையிலேயே எழுதி வைத்துக்கொண்டான். அன்றைய கும்பல் போனதும், எவரோ தவறவிட்ட கையுறையைத் தேட இருவரும் இறங்கினார்கள். ஒரு பக்கம் அமெரிக்கக் கண்டத்தட்டு, மறுபக்கம் ஐரோப்பியத் தட்டு என்று பாறைகள் நெருங்கி நிற்கும் குறுகலில் பலகையை நீட்டினான்.

'என்னக் கட்டிக்கிறியா?'

ஆஸ்தீஸ் படித்தாள். திரும்பவும் படித்தாள். கட்டை விரலைத் தூக்கினாள்.

ஸ்டுர்லா அதை அவள் ஓதும் பாடப்படியே எடுத்துக்கொண்டான். போதும், மேலே போகலாம். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படி மறுப்பாள்? விதி விதிதான். அவனும் பதிலுக்கு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மேலே கிளம்பினான். பின்னாலிருந்து அவள் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பவில்லை.

கரையேறி வாய்க்குழாயைப் பிடுங்கிய ஆஸ்தீஸ் ஏதோ சொல்லப் பார்த்தாள். இரண்டு டிகிரித் தண்ணீரில் உதடு மரத்துக் கிடந்தது. "ழ்ழூ... ஹூ..." என்று காற்றுதான் வந்தது.

"அரவால்ல, விடு," என்றான். அவன் உதடும் 'பரவால்ல' சொல்லும் நிலையில் இல்லை.

அவள் தன் கட்டை விரலையே படார் படாரென்று அடித்தாள்.

"என்ன, கை வலிக்குதா?"

மடையன். அவன் தலையுறையை வெடுக்கென்று உருவி, காதோடு வாயை வைத்து மூச்சை இழுத்தாள்.

"யௌ."

ஊருக்கெல்லாம் ஓதியவள் சந்தோஷத்தில் தன் விதியைத் தானே மறந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. உடனே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

அவள் அதைத் தட்டிவிட்டு, வேனைக் கை காட்டினாள்.