எதிரி என்ற கட்டத்தில் ஓட்டுநர்

மூன்றாம் முறையும் பேருந்து நின்றுவிட்டது.

பேருந்துக்குப் பின்னால், முழங்காலில் கையூன்றி, மூச்சு வாங்க நின்றாள் குருவி. வீட்டிலும் கல்லூரியிலும் அவளுக்கு அதுவே பெயர். கடைசி சன்னலில் கைபேசியை நீட்டிப் படம்பிடித்துக்கொண்டிருந்த நண்பன் ஒல்லி உதட்டைப் பிதுக்கினான்.

"அம்மா! நிக்கக் கூடாதும்மா. நான் ஓடி வரணும், பஸ் போயிடணும். எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினாள் குருவி.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு தலை நீண்டது. "கண்ணாடில தெரியறியே."

"தெரிஞ்சா?"

"ஓடி வர்றவங்க தெரிஞ்சா காலு அதுபாட்டுக்கு பிரேக்குக்குப் போயிடுதுடி. நானா மிதிக்கிறேன்?"

கல்லூரித் தேர்வுக்கான பாட்டுக் காணொளி எடுப்பதற்கு முன் அதைத் தாளில் திட்டமிட வேண்டும். எந்த வகைமை, எந்தக் கதைக் கோட்பாடு என்று விளக்க வேண்டும். காட்சிக்கொரு மாதிரிப் படமும் ஒட்ட வேண்டும்; இன்று ஒல்லியின் கைபேசி எடுப்பது அதைத்தான். ஆசிரியை கையொப்பமிட்ட பிறகே கேமரா கைக்கு வரும். குருவியின் திட்டம் இருமுறை திரும்பி வந்திருந்தது. இரண்டிலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி: 'குலைவு எங்கே?' கதை ஒரு சமநிலையில் தொடங்கி, ஏதோ ஒன்றால் குலைந்து, வேறொரு சமநிலையில் முடிய வேண்டும் என்பது அவர்கள் படித்த கோட்பாடு. அவள் கதையிலோ எல்லாரும் நல்லவர்கள். ஒரு தம்ளர் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. இன்று மாலை ஐந்து மணி கடைசி வாய்ப்பு. தவறினால் கேமரா இல்லை. கேமரா இல்லையேல் தேர்ச்சி இல்லை.

காதல் பாட்டு என்ற வகைமையை அவள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்திருந்தாள். ஓடுகிறவன் ஆண். பாடுகிறவன் ஆண். பெண்ணோ சன்னலோரம் அமர்ந்திருக்கிறாள், கூந்தலைக் காற்று கலைக்க, யாரோ வந்து வெல்லட்டும் என்று! கோட்பாட்டுத் தாளில் நாயகன், எதிரி, துணை என்று கட்டங்கள் வரிசையாக நிற்க, அந்தப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்ட கட்டத்தின் பெயர் 'பரிசு'. கோப்பையா அவள்? கேடயமா? யாரைக் கேட்டுக் கிழித்தார்கள் இந்தக் கோடுகளை? வகுப்பு நடுவே எழுந்து இப்படி முழங்கியவள், முழங்கியதோடு நிற்கவில்லை. நாயகன் என்பதை அடித்து நாயகி என்று எழுதி அங்கே தன்னை வைத்தாள். பரிசு என்ற கட்டத்தில், பாட்டெழுதி மெட்டும் போட்ட ஒல்லியை வைத்தாள்.

"பரிசுன்னா சும்மா உக்காந்திருக்கணுமா?" என்று அப்போதே அழமாட்டாத குறையாகக் கேட்டான் அவன்.

"ஆமா. இத்தனை வருஷமா நாங்க உக்காரலையா?"

"கலையறதுக்கு எனக்கு முடிகூட இல்லையேடி!"

உலகத்துக்கே நீதி கேட்ட அந்தப் பென்சிலுக்கு, மிச்சமிருந்த ஒரு கட்டத்தை நிரப்புகையில் மட்டும் நீதி மறந்துபோயிற்று. இரண்டு முறையும் வெற்றாக விட்டிருந்த 'எதிரி' என்பதற்கு நேரே, இம்முறை ஒரு நொடியும் யோசியாமல் எழுதினாள்: ஓட்டுநர். நிறுத்தாமல் போகிற பேருந்து, அதுதான் குலைவு. வேலை முடிந்த கையோடு சாப்பிடக்கூடப் போகாமல், மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கழுவி நிறுத்திய வண்டியையும் பணிமனையின் காலி முற்றத்தையும் நாலரை மணிவரை கேட்டு வாங்கியிருந்த அம்மாவுக்கு அந்தத் தாளை அவள் காட்டவில்லை.

இப்போது அம்மா காக்கிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். "அப்படி என்னதான் எழுதியிருக்கே, குடு பாப்போம்" என்று படிக்கட்டில் கிடந்த தாளை எடுத்தாள். ஒல்லி சட்டென்று தலையை உள்ளிழுத்துக்கொண்டான்.

அம்மாவின் விரல் கட்டம் கட்டமாக ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"எதிரி, ஓட்டுநர். இது யாரு, நானா?"

"அது கோட்பாடும்மா. கதைக்கு ஒருத்தர் வேணும்..."

"பதினெட்டு வருஷமா ஓட்டறேன். ரோட்டுல நின்னு வாயால வஞ்சவங்க ஆயிரம் பேரு இருப்பாங்க. கட்டம் போட்டு எழுதிக் குடுத்தது நீதான்."

அவள் கோபித்திருந்தால் குருவி எதிர்த்துப் பேசியிருப்பாள். சிரித்திருந்தால் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாள். இரண்டும் இல்லை. பையைத் துழாவி ரப்பரை எடுத்தாள் குருவி.

"அழிச்சிடறேம்மா."

"அழிச்சா கேமரா கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்ப வையி உள்ள." தாளை மடித்து மகளின் பையில் செருகினாள் அம்மா. "போய் நில்லு. இந்தத் தடவை நிறுத்தமாட்டேன்."

ஏறி அமர்ந்தவள் சன்னல் வழியே கையை நீட்டினாள். வெயில் விழுந்த அந்தப் பக்கமாகத்தான் மூன்று முறையும் குருவி ஓடி வந்திருந்தாள். பதினெட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் துடைத்துத் திருத்தி வைத்த பக்கக் கண்ணாடியை, அம்மா வண்டியோடு ஒட்டி மடக்கினாள். ஆள் இல்லாத முற்றம். இருந்தும் அந்தக் கை ஒரு கணம் தயங்கியதைக் குருவி பார்த்தாள்.

பேருந்து புறப்பட்டது. குருவி ஓடினாள். பேருந்து நிற்கவில்லை. இடைவெளி ஐந்தடி, பத்தடி, இருபதடி என்று விரிந்தது. கேட்டது இதைத்தானே? கெஞ்சி வாங்கியது இதைத்தானே? திட்டப்படி அவள் கூவ வேண்டியது ஒல்லியின் பெயரை. வாயிலிருந்து வந்தது வேறு.

"அம்மா!"

பேருந்து வாசல்வரை போய், அங்கே வளைவதற்கு இடமின்றி, உறுமிக்கொண்டு நின்றது. குருவி முற்றத்தின் நடுவே நின்றுவிட்டாள். பிறகு அந்தச் சன்னலிலிருந்து காக்கிச் சட்டைக் கை ஒன்று வெளியே வந்து கண்ணாடியைத் திறந்தது. பீப், பீப் என்று ஒலியெழுப்பியபடி பேருந்து பின்னோக்கி நகரத் தொடங்கியது.

"ஏய், இது எந்தக் கட்டம்டி?" என்று கத்தினான் ஒல்லி, கைபேசியைத் தாழ்த்தாமலே. "எடுக்கவா, நிறுத்தவா?"

குருவி கண்ணாடியையே பார்த்தாள். அந்தச் சின்னக் கண்ணாடி சிறிது சிறிதாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது; அதன் நடுவே, அவளை விட்டு அசையாத இரண்டு கண்கள்.